மூன்றாம் வருடத்தில் தெரியும்

நாற்பத்தைந்து வயதில் பழைய பிழைப்பை விட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவது சுலபம். அதில் நிலைப்பதுதான் கடினம். அந்தமானின் சிப்பிகாட் போன்ற சிற்றூரில் இரண்டுக்கும் உள்ள தூரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது) சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சிப்பிகாட். சுற்றுலாக்காரர்களுக்கு இது அரசு வேளாண் பண்ணை இருக்கும் ஊர். கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை, மிளகு, தென்னை ஆகியவற்றைக் காட்டி விளக்கும் பண்ணை அது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இது நீர்ப்பறவைகள் கூடும் சதுப்பு நிலம். ஊர்க்காரர்களுக்கு மட்டும் அந்தச் சதுப்பு வேறொன்றை நினைவூட்டும். அது ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அளவில் 9-ஐத் தாண்டிய பூகம்பம் அலையை மட்டும் அனுப்பவில்லை. தெற்கு அந்தமானின் நிலத்தையே சுமார் ஒரு மீட்டர் கீழே இறக்கிவிட்டது. மற்ற கடலோர ஊர்களில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போனது. சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களில் அது தங்கிவிட்டது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உப்புத் தண்ணீர் வந்து போகும் இடத்தில் நெல் நட முடியாது. நிலத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கட்டட வேலை, ஓட்டுநர் வேலை, சின்னக் கடை, மீன் வியாபாரம் என்று பிரிந்து போயின.

அன்றைக்கு இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்களுக்கு இன்று நாற்பத்தைந்து வயது ஆகிறது. ஒருமுறை தொழில் மாறியவர்கள், இரண்டாம் முறையாக மாற வேண்டிய வயது அது. மேஸ்திரி வேலைக்கு முதுகு ஒத்துழைக்காது. கடையை மூடிவிட்டுப் பெரிய கடைக்காரரிடம் சம்பளத்துக்குப் போக மனம் வராது. மகன் கல்லூரிக்காகச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலேறும் நேரம். இந்த நேரத்தில் ஒரு டெவலப்மென்ட் ஆபீசர் வந்து, "உங்களுக்குத்தான் ஊரில் எல்லாரையும் தெரியுமே, ஏஜென்சி எடுங்கள்" என்றால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும். இந்தியாவின் எந்த ஊரிலும் கேட்கிற வார்த்தைதான் இது. ஆனால் அதில் இருக்கும் 'எல்லாரையும் தெரியும்' என்ற சொல்லில்தான் இந்தத் தொழிலின் மூலதனமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

கதவு அகலமானது

உள்ளே நுழைவதற்குப் பெரிய தடை இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சில நாள் பயிற்சி, பிறகு ஒரு மணி நேரத் தேர்வு. ஐம்பது கேள்விகள், தேர்ச்சிக்கு 35 சதவீதம். 2000-க்குப் பிறகு ஒழுங்குமுறை ஆணையம் வந்த புதிதில் நூறு மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. அது படிப்படியாகக் குறைந்துவிட்டது. ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு ஏஜென்டாக இருக்கலாம்.

பெண்களுக்குக் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. 2024 டிசம்பர் 9 அன்று ஹரியானாவின் பானிப்பட்டில் பிரதமர் தொடங்கிவைத்த எல்.ஐ.சி.யின் 'பீமா சகி' திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையிலான, பத்தாம் வகுப்பு படித்த பெண்கள் சேரலாம். முதல் வருடம் மாதம் 7,000 ரூபாய், இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 என உதவித்தொகை உண்டு. கமிஷன் தனி. ஆனால் இது சம்பளம் அல்ல. வருடத்துக்கு 24 பாலிசி என்ற இலக்கு உண்டு. முதல் வருடம் பிடித்த பாலிசிகளில் பெரும்பங்கு அடுத்த வருடமும் உயிரோடு இருந்தால்தான் உதவித்தொகை தொடரும். அந்த நிபந்தனையை எழுதியவருக்கு இந்தத் தொழிலின் நோய் எது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எல்.ஐ.சி. மட்டுமே வழி என்றும் இல்லை. 1884-இல் தபால் ஊழியர்களுக்காகத் தொடங்கிய அஞ்சல் ஆயுள் காப்பீடும், கிராம மக்களுக்காக 1995 மார்ச்சில் வந்த கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடும் வெளியாட்களை ஏஜென்ட்களாக எடுத்துக்கொள்கின்றன. முன்னாள் ராணுவத்தினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் ஆகியோர் அதில் வரவேற்கப்படுகிறார்கள். முன்னாள் ராணுவத்தினர் நிறையக் குடியேறியுள்ள அந்தமானில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

ஒரு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். அந்தமானில் வீட்டுக்கு ஒருவராவது அரசு வேலையில் இருப்பது சகஜம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, குடும்பத்தார் நடத்தும் இன்சூரன்ஸ் ஏஜென்சிக்காக ஊழியர் ஆதரவு திரட்டுவதை விதிமீறலாகக் கருதுகின்றன. மனைவி ஏஜென்ட் ஆகலாம். அதைக் கணவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். சக ஊழியர்களிடம் அவருக்காகப் படிவம் நீட்டக் கூடாது. கணவரின் அலுவலகத்தை நம்பி ஏஜென்சி எடுக்கும் பெண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கும்பகோணத்திலிருந்து லாகூர்

நடுவயதில் இன்சூரன்சுக்கு வருவது என்றால் வேறு வழியில்லாமல் வருவது என்றே ஊர் நினைக்கிறது. கல்யாண வீட்டில் ஏஜென்ட் நுழைந்ததும் நாற்காலியை நகர்த்திக்கொள்ளும் உறவினர்களைப் பற்றிய நகைச்சுவை தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் பழையது. ஆனால் இந்தத் தொழிலின் சரித்திரம் அவ்வளவு கேலிக்குரியது அல்ல.

கும்பகோணத்தில் 1885-இல் பிறந்த கே. சந்தானம் இங்கிலாந்து சென்று படித்து பாரிஸ்டர் ஆனவர். கடல் கடந்தவர் என்று உறவினர்கள் ஒதுக்கினார்கள். பிராயச்சித்தம் செய்ய மறுத்த அவர் லாகூருக்குப் போய் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஜாலியன்வாலாபாக் படுகொலையை விசாரிக்க காங்கிரஸ் அமைத்த குழுவுக்குச் செயலாளராக இருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலைத் துறந்து சிறை சென்றார். வெளியே வந்தவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. விட்ட தொழிலுக்குத் திரும்பாமல் 1924-இல் லாலா லஜபதி ராய் போன்றவர்களின் துணையோடு லாகூரில் லட்சுமி இன்சூரன்ஸ் கம்பெனியைத் தொடங்கி நடத்தினார். இந்தியர்களின் சேமிப்பு இந்தியர்களிடமே இருக்க வேண்டும் என்பது அன்றைய சுதேசிகளின் வாதம். அதே எண்ணத்தோடு சென்னையில் 1906-இலேயே யுனைடெட் இந்தியா தொடங்கப்பட்டிருந்தது.

அந்தக் கம்பெனியின் பெயர் தாங்கிய லட்சுமி மேன்ஷன்ஸ் லாகூரில் எழுந்தது. பிரிவினைக்குப் பிறகு உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ தமது கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். பிரிவினையின்போது டில்லிக்கு வந்த சந்தானம் 1949-இல் காலமானார். 1956-இல் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டை தேசியமயமாக்கியபோது 245 நிறுவனங்களின் தொழில் எல்.ஐ.சி.யில் இணைந்தது.

சந்தானம் பாலிசி விற்கும் ஏஜென்ட் அல்ல, கம்பெனி நடத்தியவர். ஆனாலும் அவர் கதையிலிருந்து சிப்பிகாட்டில் தொழில் மாறுகிறவருக்கும் ஒரு பாடம் உண்டு. அவர் கொண்டுவந்த முதல், வக்கீலாகவும் சிறை சென்றவராகவும் சேர்த்த நம்பிக்கை. இருபது வயதுப் பையனிடம் இல்லாதது அது. நாற்பத்தைந்து வயதில் தொழில் மாறுகிறவர் கொண்டுவருவதும் அதுவே. கைச்சரக்கு அது ஒன்றுதான் என்பதால் அதை எப்படிச் செலவழிக்கிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

இருபது வருட எண்டோமென்ட் பாலிசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடப் பிரீமியம் 24,000 ரூபாய். எல்.ஐ.சி.யில் பல காலம் புழங்கிய விகிதப்படி முதல் வருடக் கமிஷன் 25 சதவீதம். அதோடு போனஸ் கமிஷனும் சேர்ந்தால் 35 சதவீதம், அதாவது 8,400 ரூபாய். அடுத்த இரண்டு வருடங்கள் 7.5 சதவீதம், பிறகு 5 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் சரண்டர் மதிப்பு விதிகள் மாறின. ஒரு வருடப் பிரீமியம் கட்டியவருக்கே சரண்டர் மதிப்பு தர வேண்டும் என்று வந்தது. அதையொட்டி எல்.ஐ.சி. முதல் வருடக் கமிஷனை மொத்தத்தில் 28 சதவீதமாகக் குறைத்து, பிந்தைய வருடங்களின் 5 சதவீதத்தை 7.5 ஆக உயர்த்தியது. ஏஜென்ட்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

புதிய விகிதத்தில் கணக்குப் போட்டால் முதல் வருடம் 6,720 ரூபாய். அதற்குப் பின் வருடா வருடம் 1,800. திட்டத்துக்குத் திட்டம் விகிதம் மாறும் என்பதால் இதை மாதிரிக் கணக்காக மட்டும் கொள்ளலாம்.

புதிய ஏஜென்ட் மாதம் இரண்டு பாலிசி வீதம் வருடத்துக்கு 24 பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருட வருமானம் 1,61,280 ரூபாய். மாதத்துக்கு 13,440. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல், போன், அலைச்சல் இதிலிருந்துதான். சிப்பிகாட் போன்ற ஊரில் வருடம் 24,000 ரூபாய் கட்டக்கூடிய 24 பேரைப் பிடிப்பது சாமானிய வேலையும் அல்ல. தினக்கூலிக்காரரின் பாலிசி இதில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். ஆகவே முதல் வருடக் காசை நம்பி வேலையை விடுகிறவர் ஏமாறுவார்.

மூன்றாம் வருடத்தில் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. முதல் இரண்டு வருடங்களில் பிடித்த 48 பாலிசிகளும் உயிரோடு இருந்தால் உட்கார்ந்த இடத்தில் 86,400 ரூபாய் வரும். பாதி செத்துப்போனால் 43,200. பத்தாம் வருடத்தில் முந்தைய ஒன்பது வருட பாலிசிகள் 216. எல்லாம் நிலைத்தால் புதுப்பிப்புக் கமிஷன் மட்டும் 3,88,800. பாதி நிலைத்தால் 1,94,400. ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் நிம்மதியாக இருப்பாரா, மறுபடியும் வாசல் வாசலாக ஏறுவாரா என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது.

'பாதி' என்பது பயமுறுத்தும் கற்பனை அல்ல. எல்.ஐ.சி.யின் பாலிசிகளில் ஐந்து வருடம் கழித்தும் பிரீமியம் கட்டப்படுபவை, எண்ணிக்கையில், ஏறத்தாழ பாதிதான். நாடு முழுவதும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட ஏஜென்ட்கள் கொண்ட நிறுவனத்தின் நிலை இது. நிலைத்த பாலிசிக்கு ஏஜென்டின் ஆயுளுக்குப் பின்னும் மதிப்பு உண்டு. விதிகளுக்கு உட்பட்டு, அவர் வாரிசுகளுக்கும் புதுப்பிப்புக் கமிஷன் போகும். 2023 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் எல்.ஐ.சி. ஏஜென்ட்களின் கிராஜுவிட்டி உச்சவரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஏஜென்சியை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் புதுப்பிப்புக் கமிஷன் பெற வழி செய்தது. நீடித்திருப்பவருக்கே இந்தத் தொழில் பலன் தருகிறது. நடுவயதில் வருகிறவரிடம் குறைவாக இருப்பதும் காலம்தான்.

நூறு பேர் பட்டியல்

புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தரப்படும் முதல் வீட்டுப்பாடம் ஒரு பட்டியல். தெரிந்தவர்களின் பெயர்கள் நூறு எழுதுங்கள் என்பார்கள். பெரிய நகரத்தில் அந்த நூறு பேர் நூறு பேட்டைகளில் இருப்பார்கள். ஒருவர் மனஸ்தாபப்பட்டால் மற்றவருக்குத் தெரியாது. சிப்பிகாட்டில் அப்படி இல்லை. மொத்த அந்தமான் நிக்கோபாரின் ஜனத்தொகையே 2011 கணக்குப்படி 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். பட்டியலில் உள்ள மாமாவும் மச்சானும் பழைய முதலாளியும் ஒரே கோயில் திருவிழாவில் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவருக்குத் தவறான பாலிசி தள்ளிவிட்டால் அது பூஜை முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

முதல் வருடம் சொந்தக்காரர்கள் எடுப்பது பாலிசிக்காக அல்ல, ஏஜென்டுக்காக. "பாவம், புதுசாகத் தொடங்கியிருக்கிறார்" என்று ஒரு கையெழுத்து. அந்தப் பரிதாபம் ஒரு பிரீமியத்துக்குத் தாங்கும். இரண்டாவது தவணை வரும்போது மகளின் கல்விக் கட்டணமும் கப்பல் டிக்கெட்டும் சேர்ந்து வரும். தவணை நிற்கும். பழைய விதிகளில் அப்படிப் போனவருக்கு ஒரு பைசாவும் திரும்பவில்லை. புதிய சரண்டர் விதியில் கொஞ்சம் திரும்பலாம். ஆனால் "உன்னை நம்பித்தானே போட்டேன்" என்ற பேச்சை எந்த விதியும் மாற்றாது.

இதைவிட மோசமான குறுக்கு வழி ஒன்று உண்டு. "முதல் தவணையில் பாதியை நீங்களே கட்டிவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்று வாடிக்கையாளரே கேட்பார். மார்ச் மாதம் இலக்கு கழுத்தைப் பிடிக்கும்போது புதிய ஏஜென்ட் சம்மதித்துவிடுவார். கமிஷனில் பங்கு தருவதை இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு தடை செய்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், கணக்கே உதைக்கும். இலவசமாகக் கிடைத்த பாலிசியை இரண்டாம் வருடம் யாரும் காசு கொடுத்துத் தொடர்வதில்லை. ஏஜென்ட் தன் வருமானத்தைக் கொடுத்து ஒரு செத்த பாலிசியை வாங்கியிருக்கிறார்.

மொழியும் ஒரு சங்கடம். தேர்வைத் தமிழில் எழுதலாம். அந்தமானில் விற்பது பெரும்பாலும் இந்தியில். பக்கத்து வீட்டுக்காரர் வங்காளம் பேசுவார், எதிர் வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், டீக்கடையில் எல்லாரும் இந்திக்கு வந்துவிடுவார்கள். மீன் விலை பேசுகிற இந்தியில் 'சரண்டர் மதிப்பு', 'உத்தரவாத போனஸ்' ஆகியவற்றை விளக்கும்போது பாதி தொலைந்துவிடும். தொலைந்த பாதிதான் மூன்று வருடம் கழித்துச் சண்டையாக வரும். விளக்கத் தெரியாத திட்டத்தை விற்காமல் இருப்பதே இதற்கு மருந்து. கையெழுத்திட்டவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. பாலிசி பத்திரம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை முதல் நாளே சொல்லும் ஏஜென்ட் சில பாலிசிகளை இழப்பார். மிஞ்சியவை தங்கும்.

படிவத்தில் ஒரு கேள்வி

புதிய ஏஜென்டின் உண்மையான சோதனை விற்பனையில் வருவதில்லை, படிவம் நிரப்பும்போது வருகிறது. சர்க்கரை நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, புகையிலை உபயோகிக்கிறாரா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேள்விகள் இருக்கும். நகரத்து ஏஜென்டுக்கு எதிரில் இருப்பவர் அந்நியர். சொன்னதை எழுதிக்கொள்வார். சிப்பிகாட்டில் எதிரில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் ஆஸ்பத்திரி வரிசையில் சர்க்கரை மாத்திரைக்காக நிற்பதை ஏஜென்ட் கண்ணால் பார்த்திருக்கிறார். படிவத்தோடு ஏஜென்டும் ஒரு ரகசிய அறிக்கை தர வேண்டும். இவரை எத்தனை வருடமாகத் தெரியும், உடல்நிலை எப்படி, வருமானம் எவ்வளவு என்று அதில் அவரே கையெழுத்திட வேண்டும்.

உண்மையை எழுதினால் பிரீமியம் கூடும், அல்லது பாலிசியே கிடைக்காமல் போகலாம். 'இல்லை' என்று எழுதினால் இன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். மாதக் கடைசியில் ஒரு பாலிசி குறையும்போது கை எந்தப் பக்கம் போகும்?

சட்டம் இதற்கு ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட 45-ஆவது பிரிவின்படி பாலிசி தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்தால் கேட்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் பார்க்கலாம். மறைத்தது நிரூபணமானால் தொகையை மறுக்கலாம். அப்போது கையில் பத்திரத்தோடு வந்து நிற்பவர் எங்கோ இருக்கும் அந்நியரின் விதவை அல்ல. தினமும் குழாயடியில் பார்க்கும் அக்கா. "நீதானே தம்பி எழுதினாய்" என்று அவர் கேட்டால் அதற்குப் பதில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை. கொல்கத்தாவில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம், அந்தமானும் அவர் எல்லைக்குள் வருகிறது. ஆனால் பொய் எழுதப்பட்ட படிவத்தை அவரும் மெய்யாக்க முடியாது.

மூன்று வருடம் என்ற எல்லை சட்டத்திலும் வருகிறது, கமிஷன் கணக்கிலும் வருகிறது. முதல் வருடம் எப்படி எழுதினார் என்பது மூன்றாம் வருடத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

அலைக்குப் பின்

சுனாமியில் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 3,500 பேர் என்பது அரசுக் கணக்கு. பெரும்பாலோர் நிக்கோபார் பக்கம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட கச்சால் தீவு மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று.

உடல் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழ் எப்படித் தருவது? சாட்சியச் சட்டம் ஏழு வருடம் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கருத இடம் கொடுத்தது. அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல முடியாது என்று அரசு சுனாமியில் காணாமல் போனவர்களுக்குத் தனி நடைமுறை வகுத்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்களும் வழக்கமான ஆவணக் கெடுபிடிகளைத் தளர்த்தின. தளர்த்திய பிறகும் யாராவது ஒருவர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வீட்டில் யார் இருந்தார்கள்? பாலிசி யார் பெயரில்? நாமினி உயிரோடு இருக்கிறாரா? பத்திரம் அலையோடு போய்விட்டது. எண் யாரிடமாவது இருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கக்கூடியவர் உள்ளூர் ஏஜென்ட் ஒருவர்தான். பாலிசி எண், நாமினி பெயர், தவணைத் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் பழைய பழக்கம் அன்றைக்கு எவ்வளவு பெறுமானமுள்ளது என்று யோசித்துப் பார்க்கலாம். இன்று பாலிசிகளை மின்னணுக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்தக் கணக்கு இருப்பதை வீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் சொல்லி வைப்பது ஏஜென்டின் வேலையே. கல்யாணத்துக்குப் பின் நாமினியை அம்மாவிலிருந்து மனைவிக்கு மாற்றச் சொல்லி நினைவூட்டுவதும் அவர் வேலைதான். இதற்கு எந்தக் கமிஷனும் கிடையாது.

சிப்பிகாட்டில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கும். ஆயுள் பாலிசி மூழ்கிய வயலைத் திருப்பித் தராது. நிலமும் வீடும் படகும் வேறு வகைக் காப்பீடு. "சுனாமிக்குப் பணம் வருமா?" என்று கேட்பவரிடம் "வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயுள் பாலிசியில் கையெழுத்து வாங்குவது பாதிப் பொய். உயிருக்கு வரும், வயலுக்கு வராது என்பதே முழு உண்மை.

அதேபோல, மாதம் ஐந்நூறு ரூபாய் எடுத்து வைக்கவே திணறும் கூலிக்காரரிடம் எண்டோமென்ட் பேசுவதற்கு முன் வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தைச் சொல்ல வேண்டும். 2015 மே மாதம் வந்த திட்டம் அது. 50 வயது வரை சேரலாம். விபத்துக்கு மட்டுமான சுரக்ஷா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய்தான். இவற்றால் ஏஜென்டின் வருமானம் உயரப்போவதில்லை. ஆனால் இதைச் சொன்னவர் நான்கு வருடம் கழித்து அந்தக் கூலிக்காரர் மேஸ்திரி ஆனதும் கூப்பிட்டு அனுப்பும் முதல் ஆளாக இருப்பார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதால் பிரீமியம் சுமையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வேலையை எப்போது விடுவது?

நாற்பத்தைந்தில் மாற நினைப்பவருக்குக் கணக்கும் அனுபவமும் சேர்ந்து சொல்வது சிக்கலானது அல்ல. பழைய வருமானத்தை உடனே விட வேண்டாம். கடையோ ஓட்டுநர் வேலையோ தொடரட்டும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஏஜென்சி நடக்கட்டும். இரண்டு வருடக் குடும்பச் செலவுக்கு வழி இல்லாமல் முழு நேரத்துக்கு வருகிறவர் மார்ச் மாதத்தில் தப்பு செய்யாமல் இருப்பது கஷ்டம். தவறான பாலிசிகளில் பெரும்பகுதி கெட்ட எண்ணத்தால் விற்கப்படுவதில்லை, அவசரத்தால் விற்கப்படுகிறது.

சொந்தக்காரர்களைப் பட்டியலின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் போகும்போது அவர்கள் கட்ட முடிந்த தொகையில் பாதியைச் சொல்லலாம். 24,000 ரூபாய் பாலிசி ஒரே வருடத்தில் செத்தால் கிடைப்பது 6,720. 12,000 ரூபாய் பாலிசி இருபது வருடமும் ஓடினால் முதல் வருடம் 3,360, பிறகு வருடம் 900 வீதம் பத்தொன்பது வருடம், மொத்தம் 20,460. சின்ன பாலிசி மூன்று மடங்கு தருகிறது. உறவும் மிஞ்சுகிறது.

வருடம் முடிந்ததும் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இந்த வருடம் எத்தனை பிடித்தேன் என்பது கிளை அலுவலகம் கேட்கும் கணக்கு. போன வருடம் பிடித்தவர்களில் எத்தனை பேர், நான் நினைவூட்டாமலே தவணை கட்டினார்கள் என்பது ஏஜென்ட் தனக்குத் தானே போட வேண்டிய கணக்கு. இரண்டாவது கணக்கில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் மூன்றாம் வருடம் தைரியமாகப் பழைய வேலையை விடலாம். இறங்கினால் விடக் கூடாது. விற்கத் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. தேவையில்லாதவர்களுக்கு விற்றிருக்கிறார் என்று அர்த்தம்.

சிப்பிகாட்டின் வயல்கள் ஒரே காலையில் போயின. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஊரில் இருபது வருடமாகச் சேர்த்த பெயர் அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு படிவமாகப் போகிறது, அல்லது ஒவ்வொரு படிவமாக வளர்கிறது. நாற்பத்தைந்து வயதில் புதிய தொழிலுக்கு வருகிறவர் கையில் பேனா எடுக்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டியது அதை மட்டும்தான்.